கீத பவனி: எத்தனை ராத்திரி, எத்தனை மணி வரை? பெற்றோரோட மல்லுக்கட்டாம நடத்த வழி உண்டா?

வாலிபர்_செயலர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை. 140 குடும்பம். அதுல 12 வீடு ஊருக்கு வெளியே, பைபாஸ் தாண்டி. வாலிபர் ஐக்கியத்துக்கு ஒழுங்கா வர்றவங்க 26 பேர்: பள்ளிப் பிள்ளைங்க 14 (பத்தாவது 3, பிளஸ் டூ 4 சேர்த்து), காலேஜ் 7, வேலைக்குப் போறவங்க 5.

கீத பவனியை (கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கிட்டு சபையார் வீடு வீடாப் போறது) டிசம்பர் 15ல ஆரம்பிச்சு 23ல முடிக்கிறதுதான் வழக்கம். தினமும் 11 மணி, 11:30 ஆயிடுது. அரையாண்டுப் பரீட்சையும் அதே நாள்ல. பெற்றோர் சேகரக் கமிட்டி (சபை நிர்வாகக் குழு) வரைக்கும் போயாச்சு. பிளஸ் டூ பிள்ளைங்களை இந்த வருஷம் அனுப்பவே மாட்டோம்னு நாலு வீட்ல சொல்லிட்டாங்க. இன்னொண்ணு, எங்க தலைவருக்குக் கைக்குழந்தை இருக்கு. டிசம்பர் முழுக்க மனுஷன் வீட்லயே இல்லைன்னு அவங்க வீட்டம்மாவுக்கு வருத்தம்.

இந்த வருஷம் (2026) கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை. பவனியை எப்படிப் பிரிக்கலாம்? நடத்திப் பழகினவங்க சொல்லுங்க.

---

மேலத்தெரு_அண்ணாச்சி

தம்பி, முதல்ல கணக்கைப் போடுங்க, பரீட்சை அப்புறம். ராத்திரி 11:30 ஆகுதுன்னா நாள்களை நீங்க வீட்டு எண்ணிக்கையை வச்சுப் பிரிச்சிருக்கீங்க, மணியை வச்சுப் பிரிக்கல.

ஒரு வீட்டுக்குப் பாட்டு 3 நிமிஷம், வசனமும் ஜெபமும் 2, காணிக்கையும் மிட்டாயும் கைகுலுக்கலும் 3, ஆக 8. செருப்பைத் தேடி மாட்டி அடுத்த வீட்டு வாசலுக்குப் போக 4. மொத்தம் 12 நிமிஷம். மணிக்கு 5 வீடு. 6:30க்குத் தொடங்கி 9:30க்கு முடிச்சா 15 வீடு. அதுக்கு மேல மூணு வீடு கூட்டினாலே 10 மணி தாண்டிரும்.

ஆகமன ஞாயிறு (கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறுல முதல் ஞாயிறு) நவம்பர் 29. அதுக்குப் பிறகு வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் எடுங்க: டிசம்பர் 4-6, 11-13, 18-20. ஒன்பது ராத்திரி, 135 வீடு. வெளியே இருக்கிற 12 வீட்டைக் கழிச்சா உங்களுக்கு 128தான். அந்த 12ஐயும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் 3 மணிக்கு வேன் பிடிச்சு 6க்குள்ள முடிச்சிருங்க. குட்டியானையில பிள்ளைங்களை ஏத்தாதீங்க. சரக்கு வண்டியில ஆள் ஏத்துறது சட்டத்துக்கும் ஆகாது, ஏதாவது ஒண்ணுன்னா இன்சூரன்சும் கிடைக்காது.

மழைக்குன்னு 21, 22 ரெண்டு நாளைச் சும்மா போட்டு வைங்க. 2023 டிசம்பர் 17, 18ல நம்ம பக்கம் பெஞ்ச மழையை யாரும் மறந்திருக்க மாட்டாங்க. அந்த ரெண்டு நாள் தேவைப்பட்டா காலேஜ் பிள்ளைங்களும் வேலைக்குப் போறவங்களும் மட்டும் போனா போதும். 24 வேண்டாம். மறுநாள் விடியக்காலம் ஆராதனை, பாடகர் குழு தொண்டை கட்டி வந்து நிக்கும்.

நேரத்தைத் தின்கிறது பாட்டு இல்ல, பலகாரம். 15 வீட்லயும் கேக்கு, முறுக்கு, காபின்னு உக்கார வச்சா வீட்டுக்கு 10 நிமிஷம் கூடும், அப்ப அந்த ராத்திரிக்கே ரெண்டரை மணி நேரம் கூடுது. வாசல்ல நின்னு வேண்டாம்னா கோபம் வரும். அதனால முந்தின ஞாயிறு போதகர் ஐயாவே அறிவிப்புல சொல்லிரணும்: "எட்டாவது வீட்ல மட்டும் சாப்பாடு, மத்த வீட்ல பலகாரத்தைப் பையில போட்டுக் குடுங்க." ஐயா வாயால வந்தா யாருக்கும் மனத்தாங்கல் இல்ல. அந்த எட்டாவது வீட்ல இனிப்பு வேண்டாம், இட்லி வைக்கச் சொல்லுங்க. ஆளுக்கு 4, 26 பேருக்கு 104, கூட ஒரு பத்து. வெறும் கேக்கைத் தின்னுட்டு நடக்கிற பிள்ளை 9 மணிக்குச் சுருண்டுரும்.

வீட்டு வரிசையைத் தெருவுக்குள்ளேயே மாத்துங்க. முதியோர், கைக்குழந்தை இருக்கிற வீடு 7:30க்குள்ள. ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு கடைசியா.

---

ஓய்வுநாள்பள்ளி_அக்கா

அண்ணாச்சி கணக்கு சரி. ஆனா பெற்றோர் கோபம் பவனியால மட்டும் வந்தது இல்ல தம்பி. ஒரு தாளை எடுத்து அந்த நாலு பிளஸ் டூ பிள்ளைங்களோட பேரை எழுதி, நவம்பர், டிசம்பர்ல கோயிலுக்கு எதுக்கெல்லாம் வரச் சொல்றீங்கன்னு பக்கத்துல குறிங்க. பாடகர் குழுப் பயிற்சி, ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) ஆண்டு விழா, நாடகம், ஸ்டார் கட்டுறது, பவனி. பாட்டு நல்லா வர்ற பிள்ளையையே எல்லாச் சங்கமும் கூப்பிடும். பாடகர் குழுத் தலைவருக்கு நாடகக்காரங்க கூப்பிட்டது தெரியாது. தாய்க்கு மட்டும்தான் மொத்தக் கணக்கும் தெரியும், வாரத்துல நாலு சாயங்காலம் போச்சுன்னு. சங்கத்துக்கு ஒருத்தர் உக்காந்து ஒரே நாள்காட்டியில எல்லாத்தையும் எழுதி, பரீட்சைப் பிள்ளைக்கு ஒரே பொறுப்புதான்னு முடிவு பண்ணுங்க. நாடகத்துல இருந்தா ஆண்டு விழாப் பாட்டுல வேண்டாம்.

பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைங்களுக்குப் பவனி மூணே ராத்திரி. மூணும் சனிக்கிழமை. மறுநாள் பரீட்சை இல்ல, ஞாயிறு மத்தியானம் படிக்கவும் நேரம் இருக்கும். காலேஜ் பிள்ளைங்களுக்கு நவம்பர்-டிசம்பர்ல செமஸ்டர் வரும், அவங்க அட்டவணையை வாங்கிக்கிட்டு அப்புறம் பேரை எழுதுங்க.

பயிற்சியையும் வார நாள்ல வைக்காதீங்க. நவம்பர் 8, 15, 22, 29 நாலு ஞாயிறு, ஆராதனை முடிஞ்சதும் 45 நிமிஷம். பாமாலை ரெண்டு, கீர்த்தனை ரெண்டு, நாலு பாட்டுக்கு இது தாராளம். அதுக்கு மேல இழுத்தா ஞாயிறு மத்தியானக் கறிச்சோறு போயிரும். நிறைய வீட்ல அப்பா, அம்மா, பிள்ளைங்க எல்லாரும் ஒண்ணா உக்கார்ற ஒரே சாப்பாடு அதுதான். அதுல கையை வச்சா எந்த அப்பாவும் உங்களுக்குப் பரிஞ்சு பேச மாட்டார்.

வீடு சேர்ற விஷயம். பாதையைத் தூரத்து வீட்ல ஆரம்பிச்சு கோயிலை நோக்கி வர்ற மாதிரி போடுங்க. கடைசி வீடு கோயிலுக்கு அடுத்த தெருவுல இருக்கணும். பல இடத்துல தலைகீழா நடக்குது, கோயில்ல ஜெபிச்சுக் கிளம்பி கடைசியில ஊர் எல்லையில போய் நிக்கிறாங்க. அங்கிருந்து பிள்ளைங்க எப்படி வீட்டுக்குப் போறாங்கன்னு யாருக்கும் தெரியாது. பேர் எழுதும்போதே மூணு விஷயம் வாங்கிருங்க: எந்தெந்த ராத்திரி வருவாங்க, கூட்டிட்டுப் போக யார் வருவாங்க, அவங்க போன் நம்பர். பெற்றோர் 9:30க்குக் கோயில் வாசலுக்கு வந்தா போதும். வர முடியாத வீட்டுப் பிள்ளைங்களைத் தெருவாரியாச் சேர்த்துப் பெரியவங்க ரெண்டு பேர் கொண்டு விடணும், அதுல ஒருத்தர் பெண். 18 வயசு நிறையாத பிள்ளையை ஒத்த ஆள் பைக்ல ஏத்திக் கொண்டு விடுறது எவ்வளவு நல்ல ஆளா இருந்தாலும் வேண்டாம்.

"வீடு சேர்ந்தாச்சு"ங்கிற வாட்ஸ்அப் செய்தியை அம்மாவோ அப்பாவோ போடணும். பிள்ளைங்களை நம்பினா தெருமுனையில நின்னு பேசிக்கிட்டே போட்டுரும்.

---

பழைய_பாமாலை

பெரிய கஷ்டமா இருக்கே. 14 தெரு இருக்குன்னு வச்சுக்கங்க, தெருவுக்கு ஒரு வீடுன்னா 14 வீடு, ராத்திரிக்கு அஞ்சு வீடா மூணே ராத்திரியில முடிஞ்சிருமே. அந்தத் தெரு சபையார் எல்லாரும் அங்க வந்துரட்டும். அக்கம்பக்கத்து இந்து வீடு, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைங்களும் வந்து கேக்கும்.

---

மேலத்தெரு_அண்ணாச்சி

தெருக்கூட்டம் நல்லதுதான், பெரிய நகரத்துச் சபைக்குச் சரியா வரும். ஆனா வீடு வீடாப் போறதுல ஒரு காரியம் இருக்கு. படுத்த படுக்கையா இருக்கிற ஆச்சி தெருமுனைக்கு வர மாட்டா. வருஷம் முழுக்கக் கோயிலுக்கு வர முடியாத அவ வீட்டுக்கு 26 பேர் ஒண்ணாப் போறது அந்த ஒரு ராத்திரிதான். அப்படிப் பத்து வீடு இருந்தா அங்க 8 நிமிஷம் இல்ல, 15 நிமிஷம்னு போட்டுக்கங்க. கட்டிலுக்குப் பக்கத்துல நாலு பேர் போங்க, மத்தவங்க முற்றத்துல நின்னு மெதுவாப் பாடுங்க. டிரம் வேண்டாம். ஆச்சிக்குத் தெரிஞ்ச பழைய கீர்த்தனையாப் பாருங்க, பாதியில அவளே சேர்ந்து முனகுவா.

ஆள் குறைவான வெள்ளிக்கிழமைகளுக்கு வேணும்னா தெருக்கூட்டம் வச்சுக்கலாம். ஸ்பீக்கர் வச்சா ராத்திரி 10லேருந்து காலை 6 வரை கூடாதுங்கிற 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதி ஞாபகம் இருக்கட்டும். பக்கத்து வீட்லயும் அரையாண்டுக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும்.

---

கீபோர்டு_தம்பி

இசைக்கருவி பத்தி யாரும் சொல்லலை, அதனால நான்.

சின்ன கீபோர்டு பலதும் 6 ஏஏ பேட்டரியில ஓடும். செவுத்துக் கடிகாரத்துக்குப் போடுற மலிவுப் பேட்டரியைப் போட்டா முதல் ரெண்டு வீடு நல்லா இருக்கும். மூணாவது வீட்ல சவுண்டை ஏத்தி ரெண்டு கையாலயும் அழுத்தும்போது பொட்டுனு அணைஞ்சிரும். திரும்பப் போட்டா வரும், மறுபடி சரணத்துல அணையும். கீபோர்டு கெட்டுப் போகலை, பேட்டரியால அந்தக் கரண்டைக் குடுக்க முடியலை. அல்கலைன் போடுங்க, இல்லைன்னா ரீசார்ஜ் பேட்டரி. ஆறையும் ஒரே நேரத்துல மாத்தணும். புதுசு நாலு பழசு ரெண்டுன்னு கலந்தா பழசு ரெண்டும் ஒழுகும். பையில இன்னொரு செட் இருக்கட்டும்.

புளூடூத் ஸ்பீக்கரைப் புளூடூத்ல இணைக்காதீங்க. சத்தம் ஒரு நொடியில பத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்கு பிந்தி வரும், பாடுறவங்களும் வாசிக்கிறவனும் ஆளுக்கொரு பக்கம் போயிருவாங்க. வயர் போட்டா பிரச்சினை இல்ல.

சுதியைக் கோயில்ல பாடுற கட்டையிலேருந்து ஒண்ணு, ஒன்றரை இறக்குங்க. பனியில நடந்துக்கிட்டே பாடும்போது மேல் ஸ்தாயி எட்டாது, பையன்கள் கத்த ஆரம்பிப்பாங்க, ரெண்டாவது நாளே தொண்டை போயிரும். குடிக்க வெந்நீர் பிளாஸ்க்ல போகட்டும், வழியில ஐஸ்கிரீம் கண்டிப்பா இல்ல. டேம்பரினைத் தாளம் நிக்கிற ஆள்கிட்ட மட்டும் குடுங்க. சின்னப் பிள்ளை கையில போனா மூணாவது சரணம் ரயில் மாதிரி ஓடும்.

கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போடுறவருக்கு முகமூடிக்குள்ள இருந்து கால் தெரியாது. படியில கையைப் பிடிக்க ஒரு ஆள் வேணும். ரெண்டு வயசுக் குழந்தை இருக்கிற வீட்ல வாசல்லயே முகமூடியைக் கழட்டிருங்க, இல்லைன்னா பாட்டு கேக்காது, அழுகைதான் கேக்கும்.

---

சபைப்_பொருளாளர்

காணிக்கை பத்திச் சுருக்கமா. பெட்டி பூட்டியிருக்கணும், சாவி கூட வர்றவங்க யார்கிட்டயும் இருக்கக் கூடாது. அன்னைக்கு ராத்திரியே கோயில்ல வச்சு, சொந்தக்காரங்க இல்லாத ரெண்டு பேர் எண்ணி, நோட்டுவாரியா எழுதி, கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கணும். ஆட்டோ செலவு, மிட்டாய்ச் செலவை வழியிலேயே பெட்டிப் பணத்துல கழிக்காதீங்க. முழுசா எண்ணின பிறகு ரசீது வச்சு வாங்கிக்கங்க.

இப்ப பாதி வீட்ல "ஜிபே நம்பர் சொல்லுங்க"ன்னு கேப்பாங்க. செயலர் தன் நம்பரைச் சொல்றதுலதான் வம்பே தொடங்குது. சபைக் கணக்கோட கியூஆர் அட்டையை லேமினேட் பண்ணிப் பெட்டியில ஒட்டிருங்க. எந்த வீடு எவ்வளவுன்னு எங்கயும் வாசிக்க வேண்டாம்.

---

வாலிபர்_செயலர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம் மிச்சம். இந்த வருஷம் துக்கம் நடந்த வீடு ஆறு இருக்கு, அங்க போகலாமா? தலைவர் விஷயத்துக்கும் யாரும் பதில் சொல்லலையே.

---

ஓய்வுநாள்பள்ளி_அக்கா

துக்க வீட்டுக்குப் போகாம விட்றாதீங்க, அது இன்னும் வலிக்கும். ஆனா முன்கூட்டியே வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க. வரச் சொன்னா தாத்தா வேஷம், மிட்டாய், டிரம் எல்லாம் தெருவுலயே நிக்கட்டும். ஒரு பாமாலை, ஒரு ஜெபம், காணிக்கைப் பெட்டியை நீட்டாதீங்க. வேண்டாம்னு சொன்னா ஐயாவும் ரெண்டு பேரும் பகல்ல போய்ப் பாத்துட்டு வரட்டும்.

தலைவருக்கு: ஒன்பது ராத்திரியை மூணு பொறுப்பாளருக்கு மூணு மூணாப் பிரிங்க. இவருக்குச் சனிக்கிழமை மூணையும் குடுங்க, பள்ளிப் பிள்ளைங்க நிறைய வர்ற நாள் அதுதான். மீதி ஆறு நாள் சாயங்காலம் அவர் வீட்ல. இப்ப அது நடக்காததுக்குக் காரணம் வீட்டு லிஸ்டு அவர் போன்ல, பாட்டுத் தாள் அவர் வண்டியில, பெட்டி அவர் வீட்ல இருக்கிறதுதான். எல்லாத்தையும் ஒரே பையில போடுங்க: பாட்டுத் தாள் 30, டார்ச் 2, மாத்துப் பேட்டரி 6, பிளாஸ்திரி, அச்சடிச்ச வீட்டு லிஸ்டு. பை கோயில்ல இருக்கட்டும், அன்னைக்குப் பொறுப்பு யாரோ அவங்க எடுத்துக்கட்டும். பெட்டி பொருளாளர்கிட்ட இருந்து வரட்டும்.

அவர் வீட்டை டிசம்பர் 5ஆம் தேதி வரிசையில முதல் வீடாப் போட்டுருங்க. 6:30க்குக் குழந்தை முழிச்சிருக்கும்.

---

வாலிபர்_செயலர்

சரிக்கா. வர்ற ஞாயிறு மூணு பொறுப்பாளர் பேரை எழுதி ஐயாகிட்ட குடுத்துர்றேன். இட்லிக்கு ஒன்பது வீடு பிடிக்கணும், அதுதான் இப்ப பெரிய வேலை.

---

மேலத்தெரு_அண்ணாச்சி

பெண்கள் ஐக்கிய சங்கத்துல கேளுங்க தம்பி. ஒன்பது கேட்டா பதினஞ்சு வீடு கை தூக்கும். அப்புறம் மிச்ச ஆறு வீட்டைச் சமாதானப்படுத்துறது உங்க பாடு.