சாரல் காற்றில் மூங்கில் சத்தம் பதிவு செய்ய யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. செங்கோட்டை பக்கம் புளியரையில் இருக்கிறேன். சிந்தசைசர் இல்லாமல், இந்த மலையடிவாரச் சத்தங்களை மட்டும் வைத்து டார்க் ஆம்பியன்ட் (இருண்ட சூழலை உணர்த்தும், மெதுவான) இசை செய்துவருகிறேன்.

இதில் எனக்கு உயிர் மூங்கில்தான். காற்றில் இரண்டு தண்டு உரசும் ‘கிரீச்’சை 96 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (வினாடிக்கு 96,000 மாதிரிகள்) பதிந்து, ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் கால் வேகத்துக்கு இறக்கினால் சுருதி இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே போய், பெரிய மிருகம் முனகுவதுபோல் வருகிறது. கேட்டால் உடம்பு சிலிர்க்கும். சில்வண்டு இரைச்சலும் அப்படித்தான்.

சிக்கல் காற்றுதான். கேரளப் பக்கமிருந்து கணவாய் வழியாக வந்து மைக்கில் நேராக அடிக்கிறது. 100 ஹெர்ட்ஸில் இருக்கும் அந்தக் குமுறல், வேகத்தைக் குறைத்ததும் 25 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, காதில் சரியாக விழாமலே லெவலை எல்லாம் தின்றுவிடுகிறது. ஸ்பாஞ்சு உறை போதவில்லை. தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டரை முன்னாலேயே போட்டால், தண்டுகள் மோதும் ‘டொக்’கின் கனமும் சேர்ந்து போய்விடுகிறது.

தண்டிலேயே ஒட்டி, காற்றை விட்டு அதன் அதிர்வை மட்டும் எடுக்கும் பீசோ கான்டாக்ட் மைக் யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? சாரல் ஈரத்தில் தாங்குமா, எதை வைத்து ஒட்டினீர்கள்? காற்றைத் தடுக்க மைக்கில் மாட்டும் ரோம உறை தென்காசி, புனலூர் பக்கம் எங்கே கிடைக்கும்? ஆடி முடிவதற்குள் பதிய வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.