கில்ட்டின் உள்ளே பட்டைத்துணியே இல்லை, எப்படி வைப்பது?

வணக்கம். எடின்பரோவில் துணி திருத்தும் வேலை செய்கிறேன். ஒருவர் தன் தாத்தா காலத்துக் கில்ட்டை (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்புவைத்த பாவாடை போன்ற உடை) கொண்டுவந்தார். பக்கிளைப் போட்டால், வார் தைத்த இடத்துக்குப் பக்கத்தில் மடிப்புகள் வாய் பிளக்கின்றன.

லைனிங்கைப் பிரித்துப் பார்த்தேன். 8 கஜக் கம்பளி. இடுப்பு தடிக்காமலிருக்க மடிப்புகளின் உள்பக்கத் துணியை மேலே வெட்டி எடுத்திருக்கிறார்கள், அது முறைதான். வெட்டியபின் மடிப்புகள் தொங்காமல் குறுக்கே பிடிக்கும் ஓட்டுத் தையலும் அவ்வளவு நேர்த்தி. ஆனால் பக்கிளின் இழுப்பைத் தாங்கப் பின்பக்கம் வைக்கும் பட்டைத்துணியைக் காணோம்! விறைப்புக்காக உள்ளே வைக்கும் கேன்வாஸ் துணியும் இல்லை. இழுப்பு முழுவதும் மடிப்புத் தையல்மேல்தான். நாலைந்து இடத்தில் நூல் அறுந்து, கம்பளியும் சற்று நைந்திருக்கிறது.

அறுந்த தையலை நான் சரிசெய்துவிடுவேன். அப்புறம்தான் சந்தேகம். பட்டைக்குக் காடாத் துணி தாங்குமா, ட்ரில் (தடித்த பருத்தித் துணி) போடலாமா? வெளியே தெரியாமல் ஒவ்வொரு மடிப்பின் உள்விளிம்பிலும் கையால் பிடித்தால் போதுமா? கேன்வாஸை முதலில் நனைத்துச் சுருக்க வேண்டுமா?

கில்ட் தைக்காவிட்டாலும் பரவாயில்லை. கோட்டுக்குக் கேன்வாஸ் வைத்துக் கைத்தையல் போட்ட அண்ணன்மார், அக்காமார் யாராவது சொல்லுங்கள். அடுத்த மாதம் அவர் வீட்டில் கல்யாணம், இதைத்தான் கட்டப்போகிறாராம்.