அம்மா குடித்த 'கேட்ஸ் க்ளா': உங்கள் வீட்டிலும் யாராவது குடித்திருக்கிறார்களா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 68 வயது. முடக்குவாதம் வந்து ஒன்பது வருஷமாகிறது. வாரத்துக்கு ஒரு நாள் முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட், தினமும் பிரஷர் மாத்திரை. காலையில் விரல் மடங்காது. டீ கப்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கித்தான் தூக்குவார்.

தைப்பூசக் காவடிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அத்தை 'கேட்ஸ் க்ளா' என்று ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தார். பெரு நாட்டு மூலிகை, மூட்டு வீக்கம் வற்றிவிடும், இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது என்று கடைக்காரர் சொன்னாராம். அந்த வருஷமாவது பால்குடத்தோடு ஊர்வலத்தில் நடந்துவிட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. எங்கள் யாரிடமும் சொல்லாமல் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாவது வாரம் வயிற்றோட்டம் தொடங்கியது. ஐந்தாவது வாரம் ஒருநாள் காலையில் குளியலறை வாசலில் தலைசுற்றி, சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். பிரஷர் 94/60. "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது அம்மா தரையைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து தேடினால், டப்பா அலமாரியில் புடவைக்கு அடியில் இருந்தது.

மூலிகைதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். வயிற்றோட்டத்தில் உடம்பில் தண்ணீர் வற்றினாலே பிரஷர் இறங்கும். மூலிகையை நிறுத்திய நாலு நாளில் வயிற்றோட்டம், பிரஷர் இரண்டும் சரியாகின. ஆனால் டாக்டர் சொன்ன ஒரு விஷயம் என்னை உலுக்கிவிட்டது. மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுமாம். தண்ணீர் வற்றினால் அது உடம்பிலேயே தங்கி விஷமாக ஏறிவிடக்கூடுமாம். உடனே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நல்லவேளை, ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு பல ராத்திரி உட்கார்ந்து படித்தேன். இதன் தாவரப் பெயர் உன்காரியா டொமென்டோசா, காப்பிச் செடியின் குடும்பம். ஆண்டிஸ் மலையின் கிழக்குச் சரிவிலிருந்து அமேசான் காடு வரை மரங்களைப் பற்றி ஏறும் கொடி. முள் பூனை நகம் மாதிரி வளைந்திருப்பதால், 'பூனை நகம்' என்றே பொருள்படும்படி ஸ்பானிஷில் 'உன்யா தெ காத்தோ' என்கிறார்கள். பெருவின் அஷானின்கா மக்கள் இதன் பட்டையைத் தலைமுறை தலைமுறையாக மருந்தாக வைத்திருக்கிறார்கள். அந்த அறிவை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். நம் பாட்டிமார் மஞ்சளையும் வேப்பிலையையும் வைத்திருந்தது போலத்தானே அதுவும்.

ஆராய்ச்சி நடக்காமலும் இல்லை. 2002-ல் ஆஸ்திரியாவில் முடக்குவாதக்காரர்கள் 40 பேரை வைத்துச் சோதித்தார்கள். 24 வாரம் பாதிப் பேருக்கு மூலிகைச் சாறு, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. வலிக்கும் மூட்டுகளின் எண்ணிக்கை சாறு எடுத்தவர்களுக்கு 53 சதவீதம் குறைந்தது, வெறும் மாத்திரைக்காரர்களுக்கு 24 சதவீதம். இதைப் படித்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது. அப்புறம் நிதானமாக மறுபடியும் படித்தேன். மொத்தமே நாற்பது பேர். அவர்கள் கூடவே எடுத்த மருந்து சல்ஃபாசலசீன் அல்லது ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். அம்மாவுடையது வேறு. இன்னொன்றும் உண்டு: ஒரே கொடியில் இரண்டு ரசாயன வகை இருக்கிறது. ஒன்றில் இருப்பது மற்றதன் வேலையைக் கெடுக்கிறது என்று ஆய்வகத்தில் பார்த்து, அப்படிக் கெடுக்கும் வகை ஏறக்குறைய இல்லாத சாற்றைத்தான் அவர்கள் கொடுத்தார்கள். அம்மாவின் டப்பாவில் எந்த வகை என்று ஒரு வரிகூட இல்லை. இருந்ததெல்லாம் பொடி எழுத்தில் ஒரு வாக்கியம்: இந்த மருந்தின் தரத்தையும் பாதுகாப்பையும் அரசின் மருந்து ஒழுங்குமுறை ஆணையம் சோதிக்கவில்லை என்று. கண்ணாடி போட்டும் அம்மாவால் அதைப் படிக்க முடியவில்லை.

மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்காகவும் சொல்கிறேன். 2001-ல் பெருவில் முழங்கால் தேய்மானக்காரர்கள் 45 பேரைச் சேர்த்து, 30 பேருக்கு இதற்கு நெருங்கிய சொந்தமான இன்னொரு கொடியையும், 15 பேருக்கு வெறும் மாத்திரையையும் நாலு வாரம் கொடுத்தார்கள். கொடியை எடுத்தவர்களுக்கு நடமாடும்போது வரும் வலி குறைந்தது. ராத்திரி வலியும் முழங்கால் வீக்கமும் குறையவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது குடித்திருந்தால், நல்லதோ கெட்டதோ, நடந்ததை எழுதுங்கள்.

*ஃபீனிக்ஸ்*
அக்கா, எங்கள் அப்பா குடிப்பது டெவில்ஸ் க்ளா. இரண்டும் ஒன்றுதான் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போதுதான் டப்பாவைப் பார்த்தேன். இது நம் ஊர்ப்பக்கத்துச் சரக்கு, கலஹாரி மணலில் விளையும் கிழங்கு. அப்பாவுக்கு இடுப்பு வலி. ஆறு வாரத்தில் குனிந்து ஷூ கட்ட முடிந்தது, அது பொய்யில்லை. பித்தப்பையில் கல் இருந்தால் தொடக்கூடாது என்று பார்மசிக்காரர் சொன்னார். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் கேட்காமல் குடிக்கக் கூடாதாம்.

*டோங்காட்*
எங்கள் வேலியில் மஞ்சள் பூ பூக்கும் கொடி ஒன்று மூடிக் கிடக்கிறது. அதற்கும் கேட்ஸ் க்ளா என்றுதான் பெயர். பக்கத்து வீட்டு ஆயா மூட்டு வலிக்கென்று அதன் இலையைப் பறித்துக் கஷாயம் வைத்திருக்கிறார்! விசாரித்தால் அது வேறு குடும்பச் செடி, வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே காட்டை அழிப்பதால் வளர்க்கவே கூடாது என்று அரசாங்கம் பட்டியல் போட்டிருக்கிறது. தயவுசெய்து பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் பறிக்காதீர்கள்.

*பீட்டர்மாரிட்ஸ்பர்க், நர்ஸ்*
எங்கள் கிளினிக்கில் ஏஆர்வி என்ற எச்ஐவி மருந்து வாங்க வருகிறவர்கள் அதிகம், அதனால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். அந்தப் பெரு நாட்டுக் கொடியை எடுத்த ஒரு நோயாளிக்கு அட்டாசனாவிர், ரிட்டோனாவிர், சாக்வினாவிர் என்ற எச்ஐவி மருந்து மூன்றும் ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறியதாக 2008-ல் பதிவாகியிருக்கிறது. அவருக்குக் கல்லீரலும் கெட்டிருந்தது. அதே வருஷம் பார்க்கின்சன் நோயாளி ஒருவருக்கு நடுக்கமும் இறுக்கமும் கூடி, இதை நிறுத்தியதும் குறைந்ததாக இன்னொரு பதிவு. அதற்கு முன்பே, உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் உள்ள ஒருவருக்குச் சிறுநீரகம் நின்றுபோயிருக்கிறது. எல்லாம் ஒற்றை ஒற்றை ஆட்கள்தான், எல்லோருக்கும் இப்படி வரும் என்று அர்த்தமில்லை. பலருக்கு வயிற்றுக் கோளாறோடு போய்விடும். கர்ப்பிணிகள் வேண்டாம். ஆபரேஷன் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள். டப்பாவைப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், நாங்கள் திட்டமாட்டோம்.

*சாட்ஸ்வொர்த்*
எல்லோருக்கும் நன்றி. நர்ஸம்மா கடைசியாக எழுதியதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "திட்டுவாங்கன்னுதான் மறைச்சேன்" என்றார். அத்தையும் அழுதுவிட்டார். அவர் மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை, அன்பில் கொடுத்தது.

அந்தத் தைப்பூசத்துக்கு அம்மா நடக்கவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, "எனக்குக் கோயிலுக்கு நடக்கணும்" என்று வாயைத் திறந்து சொன்னார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, எவ்வளவு தூரம், எந்த மாதம், செருப்பில்லாமலா என்றெல்லாம் கேட்டார். மருந்தின் அளவை மாற்றி, முழங்காலில் ஒரு ஊசியும் போட்டார். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியபோது அம்மா வரிசையில் நின்றார். கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்திருந்தோம். இருபது பேருக்கு ஊற்றிவிட்டு, விரலை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டார்.