சார்லட் பள்ளிகளும் ராஸ்லின் மிக்கல்சனின் ஆய்வும்: எங்கள் அனுபவங்கள்

சார்லட்வாசி:

வங்கி வேலைக்காக வட கரோலினாவின் சார்லட் நகருக்கு வருகிற தமிழ்க் குடும்பங்களுக்கு, முன்னால் வந்தவர்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது ஸ்கூல் ரேட்டிங் பார்க்கத்தான். “பத்துக்கு எட்டு, ஒன்பதுக்குக் கீழ இருந்தா அந்த ஏரியா பக்கமே போகாதீங்க” என்று எனக்கும் சொன்னார்கள். தெற்கே பாலன்டைன் பக்கம் இத்தனை இந்தியக் குடும்பங்கள் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஒரே கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), ஒரே பள்ளி நிர்வாகம். அப்படியிருந்தும் நல்ல ரேட்டிங் எல்லாம் ஒரு பக்கத்திலும் மோசமான ரேட்டிங் எல்லாம் இன்னொரு பக்கத்திலும் எப்படிப் போய்ச் சேர்ந்தன?

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு கறுப்பினப் பெண்மணியிடம் இதைக் கேட்டேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். “நான் படிச்சப்ப இப்படி இல்லை” என்றார். எழுபதுகளில் இருட்டு விலகுமுன் பஸ் ஏறி ஊரின் மறுகோடிக்குப் போய்ப் படித்திருக்கிறார். அந்தப் பயணத்தை அவர் திட்டாத நாளில்லை. “ஆனா என் பக்கத்து சீட்ல பணக்கார வீட்டுப் பொண்ணு உட்கார்ந்திருந்தா. வகுப்பில கூரை ஒழுகினா அவங்க அப்பா ஒரு போன் போடுவார், மறுநாளே ஆள் வரும். எங்க அக்கா படிச்ச ஸ்கூல்ல வருஷக்கணக்கா வாளிதான் வச்சிருந்தாங்க.” அப்புறம், இங்குள்ள பல்கலைக்கழகத்தில் ராஸ்லின் மிக்கல்சன் என்ற சமூகவியல் பேராசிரியர் இந்த ஊர்ப் பள்ளிகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார், அவர் எழுதியதைப் படித்துப் பாருங்கள் என்றார்.

அப்படித்தான் படிக்கத் தொடங்கினேன். 1957-இல் டாரத்தி கவுன்ட்ஸ் என்ற 15 வயதுப் பெண் வெள்ளையர் மட்டும் படித்த ஹார்டிங் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, எச்சிலும் கல்லும் தாங்க முடியாமல் நான்கே நாளில் விலகியது இதே ஊரில்தான். அடுத்து வந்த வழக்கில் நம்மூர்த் தொடர்பு ஒன்று இருப்பதைப் படித்தபோது திகைத்துப் போனேன். ஸ்வான் தம்பதி கறுப்பினத்தவர்கள், இந்தியாவில் பல ஆண்டுகள் கிறிஸ்தவ ஊழியம் செய்துவிட்டு சார்லட்டுக்கு வந்தவர்கள். அவர்களுடைய ஆறு வயது மகன் ஜேம்ஸ், நிறம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் பள்ளியைப் பார்த்தே இராதவன். அவனைக் கறுப்பினப் பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளிக்குப் போகச் சொன்னது நிர்வாகம். 1965-இல் வழக்கறிஞர் ஜூலியஸ் சேம்பர்ஸ் வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டு அவருடைய வீட்டில் குண்டு வெடித்தது. அவர் பின்வாங்கவில்லை. 1971 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: பிரிவினையை ஒழிக்கப் பிள்ளைகளைப் பஸ்ஸில் வேறு பகுதிக்கு அனுப்பலாம்.

நகரமும் கவுன்டியும் 1960-லேயே ஒரே பள்ளி நிர்வாகமாக இணைந்துவிட்டதால், பஸ் திட்டத்திலிருந்து புறநகருக்கு வீடு மாறித் தப்பிக்கும் வழி இங்கே குறைவு. இந்தத் திட்டம் ஓரளவு நிலைத்ததற்கு இது முக்கியமான காரணம். 1984-இல் அதிபர் ரீகன் இங்கே வந்து பஸ் திட்டம் தோற்றுப்போன சோதனை என்று பேசியபோது, அவருடைய ஆதரவாளர் கூட்டமே கைதட்டாமல் இருந்தது.

மிக்கல்சன் இங்கு வந்து சேர்ந்தது எண்பதுகளில். எல்லாரும் மார்தட்டிக்கொண்ட அந்தத் திட்டத்தை அவர் அப்படியே நம்பிவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. தொண்ணூறுகளின் இறுதியில் இந்த ஊர் மாணவர்களின் தரவுகளை எடுத்துப் பார்த்தார். தொடக்கப் பள்ளியில் எவ்வளவு அதிக காலம் இனம் கலந்து படித்தார்களோ அந்த அளவுக்குத் தேர்வு மதிப்பெண்ணும், பின்னாளில் கிடைத்த வகுப்பின் தரமும் உயர்ந்திருந்தன. கறுப்பினப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, வெள்ளையினப் பிள்ளைகளுக்கும்தான். ஆனால் கலந்த பள்ளிக்கு உள்ளேயே இன்னொரு பிரிவினை நடந்துகொண்டிருந்தது. பழைய மதிப்பெண் ஒன்றாகவே இருந்தாலும் கறுப்பினப் பிள்ளையைச் சாதாரண வகுப்பிலும் வெள்ளையினப் பிள்ளையை, உயர்நிலைப் பாடம் நடத்தும் ஆனர்ஸ் வகுப்பிலும் போட்டிருந்தார்கள். இதை இரண்டாம் தலைமுறைப் பிரிவினை என்கிறார். 2001-இல் வந்த அவருடைய கட்டுரை இதைப் பற்றியதுதான்.

இதைப் படித்த கொஞ்ச நாளில் மகளின் பள்ளிக்குப் போகும்படி ஆயிற்று. மதிய உணவுக் கூடத்தில் எல்லா நிறப் பிள்ளைகளும் இருந்தார்கள். மணி அடித்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மகளின் ஆனர்ஸ் கணக்கு வகுப்புக் கதவருகே நின்று பார்த்தேன். வெள்ளையர், இந்தியர், சீனர், ஒரே ஒரு கறுப்பினப் பையன். எதிர் வகுப்பில் கிட்டத்தட்ட எல்லாரும் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள். நடுவில் இருந்தது நான்கடி வராந்தா. இந்தப் பிரிப்பில் நம் பிள்ளைகள் எந்தப் பக்கம் உட்கார்கிறார்கள் என்பதை நாம் பார்க்க வேண்டும். நம் உழைப்பால் மட்டும் வந்த இடம் அது என்று நினைத்துக்கொள்வது எளிது.

கதை அதோடு முடியவில்லை. மேக்னட் பள்ளியில் (ஊரின் எல்லாப் பகுதியிலிருந்தும் பிள்ளைகளைச் சேர்க்கும் சிறப்புப் பள்ளி) தன் மகளுக்கு இடம் கிடைக்காததற்கு இன ஒதுக்கீடுதான் காரணம் என்று 1997-இல் ஒரு தந்தை வழக்குப் போட்டார். அதில் மிக்கல்சன் நிபுணர் சாட்சி. ஒரு காலத்தில் ஸ்வான் வழக்கில் பிரதிவாதியாக நின்று எதிர்த்த பள்ளி வாரியமே இப்போது ‘வேலை இன்னும் முடியவில்லை, பிரிவினையை ஒழிக்க நீதிமன்றம் இட்ட ஆணையை நீக்காதீர்கள்’ என்று வாதாடியது. 1999-இல் நீதிபதி கேட்கவில்லை. 2002-இலிருந்து அவரவர் பகுதிப் பள்ளி என்றாயிற்று. ஏழை வீட்டுப் பிள்ளை மேலே வருவதற்கான வாய்ப்பில், 2014-இல் பொருளியலாளர் ராஜ் செட்டியின் குழு ஒப்பிட்ட 50 பெரிய நகரப் பகுதிகளில் சார்லட் 50-ஆம் இடம். பள்ளி மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பஸ் திட்டம் நின்ற பிறகு சிறுபான்மை இளைஞர்களிடையே குற்றம் கூடியதை வேறு பொருளியலாளர்கள் தனியாகக் காட்டியிருக்கிறார்கள்.

டீச்சரம்மா:

நான் வேறு மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியில் உதவி ஆசிரியை. மிக்கல்சனை எனக்கு அறிமுகப்படுத்தியது 1990-இல் வந்த அவருடைய பழைய கட்டுரை, மாலை நேரப் படிப்பில் பாடமாக வந்தது. கறுப்பின மாணவர்கள் கல்வியை உயர்வாக மதிக்கிறார்கள், அப்புறம் ஏன் மதிப்பெண் அதற்கு ஏற்ப இல்லை என்பது கேள்வி. மனத்தில் இருப்பது இரண்டு வகை எண்ணம் என்கிறார். படித்தால் முன்னேறலாம் என்ற பொதுவான நம்பிக்கை எல்லாரிடமும் இருக்கிறது. ‘படித்ததால் என் அம்மாவுக்கு, என் மாமாவுக்கு என்ன கிடைத்தது’ என்பது வேறு. மதிப்பெண்ணோடு ஒட்டிப்போவது இந்த இரண்டாவதுதான்.

என் வகுப்பில் ஒரு பையன். படிப்பு அவசியமா என்றால் உடனே ஆமாம் என்பான். வீட்டுப்பாடம் மட்டும் வராது. ஒருநாள் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். அண்ணன் காலேஜ் முடித்து இரண்டு வருடமாகக் கிடங்கில் பெட்டி தூக்குகிறானாம், கூடவே படிப்புக் கடன். “மிஸ், அதே கிடங்குல படிக்காதவனுக்கும் அதே சம்பளம்தான்” என்றான். இவனைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனுக்குத் தேவைப்பட்டது அறிவுரை இல்லை, படித்து நல்ல வேலையில் இருக்கும் அவன் பக்கத்து ஆட்கள். அப்படி இரண்டு பேரை வகுப்புக்கு வரவழைத்தோம். ஒருவரோடு அவன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான். மிக்கல்சனும் ஆய்வுக்கு வருமுன் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அந்தக் கட்டுரையில் பிள்ளைகளைக் குறை சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லாதது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ராலே குடும்பம்:

சார்லட்வாசி சொன்ன ஆனர்ஸ் வகுப்பு விஷயத்தில் வட கரோலினாப் பெற்றோருக்கு உதவுகிற ஒரு தகவல். நல்ல மதிப்பெண் எடுத்த ஏழைப் பிள்ளைகள் உயர் கணக்கு வகுப்பில் விடுபடுவதை 2017-இல் இந்த மாநிலப் பத்திரிகைகள் வெளியில் கொண்டுவந்தன. 2018-இல் சட்டமே வந்தது. ஆண்டிறுதிக் கணக்குத் தேர்வில் மிக உயர்ந்த நிலை எடுத்த பிள்ளைக்கு மேல்நிலைக் கணக்கு வாய்ப்புத் தர வேண்டும், பெற்றோர் எழுதிக் கொடுத்தால் ஒழிய நீக்கக் கூடாது.

எங்கள் பக்கத்து வீட்டுக் கறுப்பினப் பையன், என் மகனோடு பந்து விளையாடுபவன், அந்த மிக உயர்ந்த நிலையான 5 எடுத்தும் சாதாரண வகுப்பில் இருந்தான். என் மகனுக்கு வந்த கடிதம் அவர்களுக்கு வரவில்லை. அவன் அம்மா இரண்டு ஷிப்ட் பார்க்கிறார். சட்டத்தின் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்து, என் மனைவியும் கூடவே பள்ளிக்குப் போனாள். கவுன்சலர் தேர்வு அறிக்கையைக் கணினியில் திறந்து பார்த்தார், விடுபட்டுவிட்டது என்றார். அடுத்த திங்கட்கிழமை இருவரும் ஒரே கணக்கு வகுப்பில். உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், தேர்வு அறிக்கை வரும் நாளில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.