கடலூரில் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். சரக்குக் கப்பலின் எந்திரப் பிரிவில் பணிபுரியும் நான், கடலூர் முதுநகரில் இட்லிக் கடை நடத்தும் ஒரு பெண்ணை மணக்க விரும்புகிறேன், அவருக்கும் சம்மதம். நான் கிறித்தவன், அவர் இந்து என்பதால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணக்க எண்ணியுள்ளோம்.

அவர் விவாகரத்துப் பெற்றவர். முன்னாள் கணவர் வாங்கிய கடனுக்கு வசூல்காரர் வந்து நிற்கும்போதும், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தபடியே மகளிடம் வாய்ப்பாடு ஒப்புவிக்கச் சொல்பவர். மாதக்கணக்கில் எந்திர இரைச்சலை மட்டுமே கேட்டுப் பழகிய எனக்கு, அந்தக் கடைப் பெஞ்சில்தான் மனம் விட்டுப் பேச ஆள் கிடைத்தது. வயதும் தொழிலும் பொருந்தாது என்று என் வீட்டார் சொல்வதற்கு இங்கே பதில் தேடவில்லை.

எங்களில் ஒருவர் மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், மணக்கப் போவதாக நாங்கள் கொடுக்கும் அறிவிப்பு வெளியானபின் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும், அறிவிப்புக் கொடுத்த மூன்று மாதத்துக்குள் மணம் முடியாவிட்டால் மறுபடி அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதை அறிவேன். ஆனால் கப்பலுக்கு எப்போது அழைப்பு வரும் என்பது என் கையில் இல்லை.

விவாகரத்துத் தீர்ப்பு நகலில் அவருடைய பெயர் ஆதாரிலிருந்து சற்று மாறியிருப்பதை எவ்வாறு சரிசெய்வது? முன்னாள் கணவர் வீம்புக்காக ஆட்சேபித்தால் திருமண அதிகாரி எப்படி விசாரிப்பார்? பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை இதற்காக அணுகியவர்கள் இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள்.