ஸ்காடா கைவிட்ட பிறகு: மின்கட்டமைப்புப் பாதுகாப்பில் நம் அனுபவங்கள்

ஷிஃப்ட் பொறியாளர்:
கணினிக்குள் ஊடுருவியே ஊரை இருட்டாக்க முடியும் என்பதை 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைன் கண்டது. மூன்று விநியோக நிறுவனங்கள், சுமார் 30 துணை மின்நிலையங்கள், ஏறக்குறைய 2,25,000 நுகர்வோர். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களின் கண்ணெதிரே மவுஸ் குறி தானாக நகர்ந்து பிரேக்கர்களை (மூடினால் மின்சாரம் பாயும், திறந்தால் நிற்கும் பெரிய ஸ்விட்சுகள்) ஒவ்வொன்றாகத் திறந்தது. துணை மின்நிலையங்களின் தொடர்புக் கருவிகளையும் ஊடுருவியவர்கள் கெடுத்துவிட்டதால் தூரத்திலிருந்து மீண்டும் இணைக்க வழியில்லை. ஊழியர்கள் நேரில் போய்க் கையால் இயக்கி, சில மணி நேரத்தில் மின்சாரத்தைக் கொண்டுவந்தார்கள்.

எங்கள் 110 கிலோவோல்ட் நிலையத்தில் இதையே பயிற்சியாக வைத்தேன். பராமரிப்புக்காக ஷட்டவுனில் இருந்த, இருபுறமும் ஐசொலேட்டர் (மின்பாதையைப் பிரித்து வைக்கும் ஸ்விட்ச்) திறந்த ஒரு ஃபீடரில், அதாவது ஒரு மின்பாதையில், அனுமதி பெற்று ஸ்காடா எனும் தூரக் கண்காணிப்பு, கட்டுப்பாட்டுக் கணினி அமைப்பின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, "இப்போது இந்த பிரேக்கரை மூடுங்கள்" என்றேன். தானியங்கி முறை வந்த பிறகு பணியில் சேர்ந்த தம்பி, நல்ல உழைப்பாளி, பெட்டியைத் திறந்தபடி நின்றார். தூரக் கட்டளையிலிருந்து நேரடி இயக்கத்துக்கு மாற்றும் ரிமோட்-லோக்கல் ஸ்விட்சை அவர் அதுவரை தொட்டதே இல்லை. தொடும் தேவையை யாரும் அவருக்கு உண்டாக்கவில்லை. மோட்டார் ஓடாவிட்டால் பிரேக்கரை மூடும் ஸ்பிரிங்கைக் கைப்பிடியால் ஏற்றலாம் என்று செய்து காட்டினேன். இப்போது ஒவ்வொரு ஷட்டவுனிலும் ஆள் மாற்றி ஆள் பழகுகிறார்கள். கணினி வலையமைப்பைக் காக்கும் ஃபயர்வாலுக்குச் செலவிடும் அக்கறையில் பாதியாவது இதற்கும் வேண்டும்.

ரிலே சோதனையாளர்:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரு நிலையத்தில் பேனலுக்குப் பின்னால், சிம் போட்ட மோடம் ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. எந்த வரைபடத்திலும் அது இல்லை. உத்தரவாதக் காலத்தில் தூரத்திலிருந்து பழுது பார்க்க ஒப்பந்ததாரர் வைத்தது. காலம் முடிந்தும் எவரும் எடுக்கவில்லை. பழுதைக் கண்டு பிரேக்கரைத் திறக்கவைக்கும் ரிலேக்களின் கடவுச்சொல்லோ கையேட்டில் அச்சிட்டிருப்பதே. அன்றே எழுத்தில் தெரிவித்துக் கழற்ற வைத்தேன்.

கட்டுப்பாட்டு மையமும் துணை மின்நிலையங்களும் பேசிக்கொள்ளும் ஐஇசி 104 நெறிமுறையில், கட்டளை அனுப்புவது யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு அடிப்படையில் கிடையாது. உள்ளே நுழைந்தவன் 'திற' என்றால் பிரேக்கர் திறக்கும். 2016 டிசம்பரில் கீவ் அருகே 330 கிலோவோல்ட் நிலையத்தை ஏறத்தாழ ஒரு மணி நேரம் முடக்கிய இன்டஸ்ட்ராயர் என்ற தீங்கு நிரலில், இந்த நெறிமுறையில் கட்டளையிடும் பகுதியும் இருந்தது. கேட்பாரற்ற ஒரு மோடம் எனக்கு ஏன் அவ்வளவு பதற்றம் தந்தது என்பது இப்போது புரியும்.

புகார் மைய ஊழியர்:
உக்ரைனில் அன்று புகார் மையத் தொலைபேசிகளையும் போலி அழைப்புகளால் அடைத்தார்கள். புயல் இரவுகளில் உண்மையான அழைப்புகளே எங்கள் இணைப்புகளை அடைத்துவிடும். களத்திலிருக்கும் லைன்மேன் எங்களைப் பிடிக்க முடியாமல் தவிப்பார். பொதுமக்களுக்கு அறிவிக்காத தனி எண் ஒன்றைப் போராடித்தான் வாங்கினோம். ஷிஃப்ட் பொறியாளர் ஐயா, உங்கள் பயிற்சியில் தொலைபேசியும் வேலை செய்யாது என்று வைத்துப் பார்த்தீர்களா?

ஷிஃப்ட் பொறியாளர்:
இன்னும் இல்லை, அம்மா. அடுத்த ஷட்டவுனில் வாக்கி-டாக்கி மட்டும் வைத்துக்கொண்டு செய்து பார்க்கிறோம். எங்கே சிக்குகிறது என்பதை இங்கேயே எழுதுகிறேன்.