பாகிஸ்தானில் உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தது யார்?

சேப்பாக்கம்99:

ஒரே ஒரு நிபந்தனை. நீங்களே நேர்ல பார்த்ததை மட்டும் எழுதுங்க. "மச்சானோட ஃப்ரெண்டு சொன்னான்" வேண்டாம், டிவி விவாதம் சுத்தமா வேண்டாம்.

நானே ஆரம்பிக்கிறேன். 2004 மார்ச். கிரிக்கெட் பார்க்கன்னே விசா கொடுத்தாங்க, ஆயிரக்கணக்கான பேர் கிளம்பிட்டோம். வாகாவில் நடந்தே எல்லையைத் தாண்டினேன். கோடு வரைக்கும் பெட்டியை ஒரு போர்ட்டர் தூக்கிட்டு வந்தார், கோட்டுக்கு அந்தப் பக்கம் வேற கலர் சட்டைக்காரர் வாங்கிக்கிட்டார். ரெண்டு பேரும் பேசிக்கிட்டது ஒரே பஞ்சாபி.

24ஆம் தேதி லாகூர்ல கடைசி ஒருநாள் ஆட்டம். நாம ஜெயிச்சு தொடரும் 3-2ன்னு நம்ம கையில. ஸ்டேடியத்துலேர்ந்து வெளியே வரும்போது உள்ளுக்குள்ள உதறல்தான். ஆட்டோக்காரர் எந்த ஊருன்னு கேட்டார். மதராஸ்னேன். வண்டியை ஓரங்கட்டி, திரும்பிப் பார்த்து, "பாலாஜி ஊரா!"ன்னார். அந்தத் தொடர்ல நம்ம லட்சுமிபதி பாலாஜி அங்கே கிட்டத்தட்ட சினிமா ஹீரோ. ஷோயப் அக்தர் பந்தை சிக்ஸுக்கு அனுப்பிட்டு அவர் சிரிச்ச சிரிப்புக்கு மொத்த கேலரியும் விழுந்துருச்சு. லட்சுமி சௌக்ல இறக்கிவிட்டார். ஆமா, பேரே அதுதான். அரசாங்கம் எப்பவோ வேற பேர் வெச்சாச்சு, யாரும் அதைச் சொல்றதில்லை. காசு வாங்கல. "மெஹ்மான்"னு ஒரே வார்த்தை. விருந்தாளின்னு அர்த்தம்.

இது வரைக்கும் அன்னிக்குப் போன எல்லாரும் சொல்ற கதைதான். நான் அசடு வழிஞ்சது மறுநாள். அனார்கலி கடைவீதியில பழக்கமான ஒரு துணிக்கடைக்காரர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். நான் சைவம்னு சொன்னேன். "அதனால என்ன, சிக்கன் சாப்பிடலாமே?" பருப்பு வந்தது, உள்ளே கறி மிதந்தது. பாவம், அந்த வீட்டுப் பெண்கள் அடுப்பை மறுபடி மூட்டி உருளைக்கிழங்கு வதக்கினாங்க. சாப்பிட்டுட்டுச் சும்மா இருந்திருக்கலாம். சுவத்துல மாட்டியிருந்த சால்வையைப் பார்த்து அழகா இருக்குன்னேன். உடனே கழட்டி மடிச்சுக் கையில கொடுத்துட்டார். நானும் வாங்கிக்கிட்டேன்!

"தகல்லுஃப்"னு ஒண்ணு இருக்கு, அது மரியாதைக்குச் சொல்ற வார்த்தை, நீ மூணு தடவை மறுக்கணும், அவங்க நாலு தடவை வற்புறுத்தணும்னு ஒரு பெரியவர் அப்புறம்தான் சொன்னார். அன்னியிலேர்ந்து எனக்கு ஒரு உறுத்தல். அந்த ஆட்டோக்காரர் நிஜமாவே வேண்டாம்னாரா, இல்ல நான் இன்னொரு தடவை நீட்டுவேன்னு காத்திருந்தாரா?

தேரா துபாய்:

விதிமீறல்தான், மன்னிக்கவும். நான் அந்த மண்ணை மிதிச்சதில்லை. ஆனா எட்டு வருஷம் ஒரே கட்டடத்துல ஆறு பட்டாண் டிரைவர்களோட இருந்தவன், எல்லாரும் பெஷாவர் சுத்துவட்டாரம். ஆட்டோக்காரர் பட்டாணா இருந்தா கவலையை விடுங்க. அவங்ககிட்ட நீட்டின காசை ரெண்டாவது தடவை நீட்டினா சண்டைதான். தகல்லுஃப்னு சொன்னாலே எங்க ரூம்ல சிரிப்பாங்க. அது உருது பேசுறவங்க உதட்டு உபசாரமாம். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்தா கஹ்வா ரெடியா இருக்கும். பால் இல்லாத பச்சை டீ, ஏலக்காய் வாசனையோட. குடிச்சு முடிச்ச கோப்பையைக் கவுத்து வெச்சாதான் ஊத்துறதை நிறுத்துவாங்க.

என்ஜின் ரூம்:

நம்ம கேஸ் வேற. 2011ல கராச்சி துறைமுகத்துல நாலு நாள் நின்னோம். கப்பல்ல இருந்த இந்தியர்களுக்குக் கரையிறங்க அனுமதி இல்லை. ஊரே கண்ணுக்கு எதிர்ல, கால் வைக்க முடியாது. சரக்கு இறக்க வந்த மேஸ்திரி மூணாவது நாள் ஒரு தூக்குல பிரியாணி கொண்டுவந்தார். உள்ளே உருளைக்கிழங்கு! கராச்சிக்காரங்களுக்கு அது இல்லாட்டா பிரியாணியே இல்லையாம், லாகூர்காரங்க அதைச் சொல்லியே கிண்டல் பண்ணுவாங்களாம்.

அவர் கூட வந்த வயசான துப்புரவுத் தொழிலாளி நான் தின்றதையே பார்த்துக்கிட்டிருந்துட்டு, மெதுவா, "சாப்டியா தம்பி?"ன்னார். எனக்குக் கையில இருந்த சோறு கீழ விழுந்துருச்சு. ஜின்னா ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி மதராஸி பாடான்னு ஒரு குடியிருப்பு, தாத்தா காலத்துல வெள்ளைக்காரன் ஆட்சியில வேலைக்கு வந்தவங்களாம். மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துவோம்னு சொன்னார். தமிழ்ல அதுக்கு மேல வார்த்தை வரல, உருதுக்குப் போயிட்டார்.

மன்னார்க்காரி:

நான் 2013 கடைசியில இருந்து 2018 கடைசி வரைக்கும் லாகூரில மருத்துவம் படிச்சனான். உங்கட கதையள் எல்லாம் நாலு நாள் கதை. அஞ்சு வருசம் இருந்தா வேற மாதிரி.

முதல்ல லைட். கரண்ட் எண்டு சொல்ல மாட்டினம், "லைட் போயிட்டுது" எண்டுதான். ஜூன் மாசத்தில ஒரு மணித்தியாலம் இருக்கும், ஒரு மணித்தியாலம் இராது. சோதினைக்கு முதல் நாள் இரவு ஹொஸ்டல் மொட்டைமாடியில அம்பது பெட்டையள், போன் வெளிச்சத்தில படிப்பு. முல்தான் பெட்டை ஒருத்தி பெட்டி பெட்டியா மாம்பழம் கொண்டு வருவாள். அந்த மாம்பழத்துக்காகவே இன்னொருக்கா பெயில் விடலாம்.

தேத்தண்ணி எண்டால் அங்க தூத் பத்தி. தண்ணியே இல்லை, முழுக்கப் பாலிலயே கொதிக்கும். ஆனால் ரோட்டுக்கடையில இருந்து குடிக்கிறது ஆம்பிளையள் மட்டும்தான். பெண்டுகள் காருக்குள்ள இருப்பினம், கடைப் பெடியன் யன்னலால நீட்டுவான். கராச்சியில 2015 அளவில பெட்டையள் சேர்ந்து வேணுமெண்டே டாபாவில இருந்து படம் எடுத்துப் போடத் தொடங்கினவை. அதைப் பாத்துட்டு நாங்களும் நாலு பேர் போனம். பெடியன் ஓடி வந்து, "பாஜி (அக்கா), காருக்குக் கொண்டு வரட்டா?" எண்டான். கார் இல்லை எண்டம். அவனுக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. கடைசியில சுவரைப் பாத்தபடி ஒரு வாங்கு போட்டுத் தந்தான். சுவரைப் பாத்துக்கொண்டே குடிச்சம், காசும் குடுத்தம், வாங்கினான்.

இனித்தான் நான் சொல்ல வந்த விசயம். என்ர ரூம்மேட்டின்ர வீடு பைசலாபாத். அவளின்ர அம்மா என்னைத் தன்ர பிள்ளையாத்தான் வச்சிருந்தவ. நான் கத்தோலிக்கம் எண்டு தெரியும். கிறிஸ்மசை அங்க "படா தின்", பெரிய நாள் எண்டுவினம். ஒரு வருசம் எனக்கெண்டு கேக் வாங்கி, மெழுகுதிரி கொளுத்தி, தங்கட நல்ல கப்பில தேத்தண்ணி தந்தவ.

அண்டைக்கே வீடு கூட்டுற மாசியும் வந்தவ. அவவும் கிறிஸ்தவம். அவவுக்கும் காசு குடுத்து, கேக்கும் குடுத்தவை, பேப்பரில வச்சு. தேத்தண்ணிக்கு யன்னல் கம்பியில கொளுவியிருந்த ஒரு கப்பை அவவே போய் எடுத்தவ. அது அவவின்ர கப். வேற ஒருத்தரும் தொட மாட்டினம். கழுவுறதும் அவவேதான்.

ஒரே நாள், ஒரே வேதம், ஒரே அடுப்பில காய்ச்சின தேத்தண்ணி. எனக்கு ஒரு கப், அவவுக்கு ஒரு கப். வேதம்தான் காரணமெண்டால் எனக்கும் யன்னல் கப் அல்லோ வந்திருக்க வேணும்? பஞ்சாபில கன கிறிஸ்தவர் நூறு நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி வேதத்துக்கு வந்த துப்புரவுச் சாதி ஆக்கள் எண்டு பேந்துதான் அறிஞ்சன். மதநிந்தனை எண்டு மரண தண்டனை விதிக்கப்பட்ட கிறிஸ்தவப் பெண் ஆசியா பீபியின்ர வழக்கும் 2009 இல தண்ணி குடிச்ச கோப்பையில தொடங்கின சண்டைதானே. 2018 ஒக்டோபர் 31 இல உச்ச நீதிமன்றம் அவவை விடுதலை செய்யேக்க நான் கடைசி வருசம். ரோட்டெல்லாம் மறியல், மூண்டு நாள் நாங்கள் ஹொஸ்டல் கேற்றைத் தாண்டேல்லை.

திண்டிவனம் பக்கம்:

நான் பாகிஸ்தான் பார்த்ததில்லை. யன்னல் கம்பியில கப்னு படிச்சதும் அதுக்கு மேல போக முடியல. சின்ன வயசுல எங்க ஊர் டீக்கடையில எங்க தெருக்காரங்களுக்குத் தனி கிளாஸ், குடிச்சுட்டு நாங்களே கழுவிக் கவுத்துட்டு வரணும். இப்ப பேப்பர் கப் வந்து எல்லாம் போச்சுங்கறாங்க. யாருக்குக் கண்ணாடி கிளாஸ், யாருக்குப் பேப்பர் கப்னு கொஞ்ச நேரம் நின்னு பாருங்க.

சேப்பாக்கம்99:

நிபந்தனை போட்டவன் நான்தான், இது இருக்கட்டும். அந்தத் துணிக்கடைக்காரர் வீட்டு வாசல்ல ஒருத்தர் கூட்டிக்கிட்டிருந்தார். அவர் எதுல குடிச்சார்னு நான் பார்க்கவே இல்லை, சால்வையைத்தான் பார்த்தேன்.

மன்னார்க்காரி, அந்த அம்மாகிட்ட அதைப் பத்திக் கேட்டிருக்கீங்களா?

மன்னார்க்காரி:

இல்லை. ஒருக்கா வாய் வரைக்கும் வந்தது.

2021 டிசம்பர் 3 இல சியால்கோட்டில எங்கட நாட்டு மனேஜர் ஒராளைக் கும்பல் அடிச்சுக் கொன்று எரிச்சது ஞாபகம் இருக்கும். நான் அப்ப மன்னாரில. அண்டு இரவே அந்த அம்மா போன் எடுத்தவ. கதைக்கவே முடியேல்லை, அழுகை. "மகளே, எங்களை மன்னிச்சுக்கொள்" எண்டு தன்ர பிள்ளை செய்த மாதிரி கேட்டவ. அவவை ஆறுதல்படுத்தவே எனக்கு அரை மணித்தியாலம் போச்சு.

கடைசியில, மாசி இன்னும் வாறவவோ எண்டு கேட்டன். "அவளுக்கு முழங்கால் ஏலாது, இப்ப மருமகள்தான் வாறாள், நல்ல பிள்ளை" எண்டா. கப்பைப் பற்றி நான் கேக்கேல்லை.